கிழக்கே இடித்தால் கோடை

மலையும் மழையும் – 9

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மலை மேற்கே இருக்கும். மழை வருமா என்று பார்க்க வீட்டில் எல்லோரும் மேற்கே திரும்பித்தான் பழக்கம். "மேக்க கருத்துக்கிட்டு வருது" என்று அம்மா குரல் கொடுத்தால், மாடியில் காயும் வத்தலை அள்ளிவிட வேண்டும் என்று அர்த்தம்.

இந்தப் பழக்கத்தோடுதான் வித்துராவில் போய் இறங்கினேன். மே மாதத்தின் பிற்பகுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. துவைத்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு மேற்கே பார்த்தேன். வானம் வெளுத்துக் கிடந்தது. கவலையில்லை என்று உள்ளே போய்ப் படுத்தேன். மூன்று மணி வாக்கில் முதுகுப் பக்கமிருந்து ஓர் இடி. எழுந்து ஓடுவதற்குள் கொடியில் இருந்த அத்தனையும் நனைந்துவிட்டது. நான் பார்த்த திசையில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் உறைத்தது: எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் அதே மலைக்கு நான் இப்போது மேற்கே நிற்கிறேன்.

வித்துரா திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நெடுமங்காட்டைத் தாண்டி, பொன்முடியின் அடிவாரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் கல்லாறு, 22 கொண்டை ஊசி வளைவுகளோடு பொன்முடிக்கு ஏறும் சாலை. இன்னொரு பக்கம் பேப்பாறை அணை, போனக்காடு, அதற்கும் அப்பால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். நாம் பொதிகை என்று கும்பிடும் உச்சி அது. இந்தப் பக்கம் சரியும் நீர் கரமனையாறாகவும் நெய்யாறாகவும் வாமனபுரம் ஆறாகவும் அரபிக்கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் சரிவது தாமிரபரணி. காக்கை பறக்கும் வழியில் எங்கள் ஊருக்கும் வித்துராவுக்கும் நாற்பது கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் சாலை செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு என்று மலையைச் சுற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது.

அந்த வாரம் தமிழ்நாட்டில் கத்திரி முடியவில்லை. வித்துராவிலும் காலை வெயில் சுளீரென்றுதான் இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஒரே அட்டவணை. காலையில் மலை ஒவ்வொரு மடிப்பும் தெரியும்படி துலக்கமாக நிற்கும். பத்து மணிக்கு உச்சியில் பஞ்சுத் துணுக்குபோல ஒரு மேகம். பன்னிரண்டுக்கு அது காலிஃப்ளவர் மாதிரி மேலே மேலே புடைக்கும். இரண்டு மணிக்கு மலை காணாமல் போகும். மூன்றுக்கு இடி. ஐந்தரைக்கெல்லாம் மழை ஓய்ந்து, ரப்பர் தோட்டத்துக்குள் இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சும். விளக்கு வைத்ததும் ஈசல்.

கடல் இங்கிருந்து முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். காலை வெயிலில் தரை சூடேற, கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறது. அதன் வழியில் சுவர் மாதிரி மலை. வேறு போக்கிடம் இல்லாமல் காற்று மேலே ஏறுகிறது, ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. கோடை மேகம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரைகூட வளரும். அந்த உயரத்தில் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உரசி மின்னூட்டம் சேர்கிறது. மேல்காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில், மலையுச்சியில் விளைந்த இந்த மேகம் சாயங்காலம் மேற்கே நகர்ந்து அடிவாரத்து ஊர்களின் மேல் வந்து கொட்டிவிட்டுப் போகிறது. ஈரம் மேற்கே கடலில் பிறந்தது; மழையாக வருவதோ கிழக்கிலிருந்து. மலையில் முட்டித் திரும்பி வரும் தண்ணீர் இது.

கனடாவின் புல்வெளிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். தட்டையான கோதுமை நிலம். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எழும் இடிமேகம்கூட முழு உருவத்தில் தெரியுமாம். மழை வருமுன் வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு நடக்கலாம். வித்துராவில் அந்த வசதி கிடையாது. மலையும் ரப்பர் மரமும் வானத்தை மறைத்துக்கொள்கின்றன. காதால்தான் அளக்க வேண்டும். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் போட வேண்டும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் வீட்டுக்குள் போய்விட வேண்டும். கேரளத்தில் கோடையின் கடைசியிலும் துலாமாதத்திலும் பிற்பகலில் வெளியே நிற்காதீர்கள் என்று அரசே ஆண்டுதோறும் எச்சரிக்கிறது.

வியாழக்கிழமை காலை கல்லாற்றுக்குப் போனேன். பெயருக்கு ஏற்ற ஆறு. யானை படுத்ததுபோல உருண்டைப் பாறைகள், அவற்றின் நடுவே கணுக்கால் அளவு கண்ணாடித் தண்ணீர். குடும்பம் குடும்பமாக இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் பொன்முடிப் பக்கம் மை பூசியதுபோல் இருண்டிருந்தது. கரையில் தேநீர்க்கடை வைத்திருந்த அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று எழுந்து, "கேறி வா, கேறி வா" என்று பிள்ளைகளைக் கரைக்கு விரட்டத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு காட்டினார்: தெளிந்த தண்ணீரில் சருகுகள் வரத் தொடங்கியிருந்தன, ஒன்று, பத்து, பிறகு கொத்துக் கொத்தாக. அடுத்துத் தண்ணீர் கட்டன்சாயா நிறத்துக்கு மாறியது. கால்மணி நேரத்தில், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாறை கண்ணில் இல்லை. அங்கே ஒரு சொட்டு மழை பெய்திருக்கவில்லை. மலையில் பெய்த மழை ஆற்று வழியாக முன்னால் வந்துவிட்டது. இந்த ஆற்றில் உயிர்கள் போனதெல்லாம் பெரும்பாலும் இப்படி வெயிலடிக்கும் வேளையில்தான் என்றார் அவர்.

மலையில் என்ன நடக்கிறது என்று அடிவாரத்திலிருந்து தெரியாது. ஏறித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஏறிய ஒருவர் உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றை நிறுவினார். 1852-ல் அதன் பொறுப்புக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரவுன், சில ஆண்டுகளிலேயே அகத்தியர்கூடத்தின் உச்சிக்குக் கருவிகளைச் சுமந்துபோய் இன்னொரு ஆய்வுக்கூடம் அமைத்தார். காந்த ஊசியின் அசைவை நகரத்திலும் உச்சியிலும் ஒரே வேளையில் குறித்து ஒப்பிடுவது அவருடைய நோக்கம். இன்றைக்கும் ஆண்டில் சில வாரங்கள் மட்டும் அனுமதிச் சீட்டோடு ஏற விடுகிற மலை அது. சாலையே இல்லாத அந்தக் காலத்தில் யானைக்காட்டின் வழியே கண்ணாடிக் கருவிகளைத் தலைச்சுமையாக ஏற்றியவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. உச்சியில் இருந்த அந்தக் கூடத்தை மழையும் காற்றும் நெடுநாள் விட்டுவைக்கவில்லை. ஆனால் எண்கள் பிழைத்தன, 1874-ல் அச்சேறின.

நான் தங்கியிருந்த வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். அதில் பால் வெட்டும் அண்ணாச்சி குலசேகரத்துக்காரர். இருபது வருடமாக இந்தப் பக்கம்தான் வெட்டு. வெள்ளிக்கிழமை விடிகாலை அவரோடு நடந்தேன். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் வெட்டுக்கத்தியோடு மரம் மரமாகப் போகிறார். பட்டையில் சாய்வாக ஒரு கீற்று. பால் வெள்ளைக் கோடாக இறங்கி, கம்பியில் மாட்டிய சிரட்டையில் சொட்டுகிறது. முதல் நாள் மழையில் பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காது, மரமெங்கும் பரவி வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை.

அதனால்தான் இடவப்பாதிக்கு முன் மரங்களுக்கு மழைக்காப்பு கட்டுகிறார்கள். நம் வைகாசிதான் அவர்களுக்கு இடவம். வெட்டுக்கு மேலே பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தார்ப்பசை தடவி, பிளாஸ்டிக் தாளைக் கொசுவம் வைத்துச் சுற்றி ஒட்டி இறுக்குகிறார்கள். தோட்டம் முழுக்கப் பாவாடை கட்டிய மரங்கள். ஒட்டும்போது பட்டை உலர்ந்திருக்க வேண்டும். தினமும் மூன்று மணிக்கு மழை என்றால் காலை வேளைதான் மிச்சம். அந்த நேரத்தில்தான் வெட்டும் இருக்கிறது. முக்கால் தோட்டம் முடிந்திருந்தது. காலவர்ஷம் என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன் மீதியும் முடியுமா என்பதுதான் அவருடைய அந்த வாரத்துக் கவலை.

"எப்ப வரும் அண்ணாச்சி?"

"இப்ப பெய்யுறது கோடை தம்பி. கிழக்கேருந்து வந்தா மூணு மணிக்கூறு மழை. மேக்கேருந்து வந்தா மூணு மாசம்."

வானிலைத் துறையின் பலபக்கக் கணக்கு இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது. பருவமழை தொடங்கியது என்று அறிவிக்க வெறும் மழை போதாது. மினிக்காய், அமினி தொடங்கி மங்களூர் வரை 14 நிலையங்களைக் குறித்துவைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரமும் அதில் உண்டு. மே 10-க்குப் பிறகு அவற்றில் 60 விழுக்காட்டு நிலையங்களிலாவது தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்திருக்க வேண்டும். கூடவே, மேற்குக் காற்று தரையிலிருந்து சுமார் நாலு கிலோமீட்டர் உயரம் வரை நிரம்பியிருக்க வேண்டும், கடல்மேல் மேகப் போர்வை அடர்ந்திருக்க வேண்டும். 2021 மே நடுவில் டவ்தே புயல் கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆனாலும் பருவமழை தொடங்கியதாக அறிவித்தது ஜூன் 3-ம் தேதிதான். எவ்வளவு பெய்தது என்பதோடு, காற்று எந்தப் பக்கத்தது என்பதும் கேள்வி.

வழக்கமான நாள் ஜூன் 1. கேரளத்தில் பள்ளி திறப்பதும் அதையொட்டித்தான். புதுக்குடை பிடித்துக்கொண்டு முதல் வகுப்புக்குப் போவது அங்கே சடங்கு மாதிரி. ஆனால் மழை நாள்காட்டி பார்ப்பதில்லை. 1918-ல் மே 11-லேயே வந்திருக்கிறது. 1972-ல் ஜூன் 18 வரை காக்க வைத்திருக்கிறது. 2023-ல் ஜூன் 8, 2025-ல் மே 24. அண்ணாச்சியின் பிளாஸ்டிக் தாளுக்கு இந்த இழுபறி ஒரு மாத வெட்டு.

வித்துரா வீட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். மேற்குப் பக்கத்து இறவாரம் மற்றப் பக்கங்களைவிட ஒரு முழம் நீளம். பாசி பிடித்திருப்பதும் அந்தச் சுவர்தான். நான் இருந்த வாரம் முழுக்க நனைந்தது கிழக்குச் சுவர். மேற்குச் சுவர் காய்ந்த பாசியோடு காத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிகாலை நாலரைக்கு விழிப்புத் தட்டியது. மழை பெய்துகொண்டிருந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, அவசரம் இல்லை. மேற்கு ஜன்னலின் மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். பருவமழை மேகம் கோடை மேகத்தைப் போல நெடுநெடுவென்று வளராது. உயரே பனித்துகள் குறைவு, ஆகவே இடியும் குறைவு. வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அண்ணாச்சியைத் தேடிப் போனேன். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வெட்டு இல்லை.

"வந்தாச்சா?"

மேற்கே ஒருமுறை பார்த்தார். பிறகு கிழக்கே திரும்பினார். "சும்மா எட்டிப் பார்க்குது. இன்னும் இடி பாக்கி இருக்கு."

பத்து மணிக்கு மழை விட்டது. பன்னிரண்டுக்கு மலையுச்சியில் பஞ்சு புடைக்கத் தொடங்கியது. மூன்று மணிக்குக் கிழக்கே இடித்தபோது இந்தத் தடவை நான் துணியை எடுத்து மடித்து வைத்திருந்தேன். கைப்பேசி அடித்தது. அம்மா.

"அங்க மழையா? இங்க மேக்க ஒரே கருப்பா நிக்குது. வத்தலை எடுத்துட்டேன்."

நான் கிழக்கே பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்த அதே மேகம்தான்.

(தொடரும்)