கேமராவை விற்பது லென்ஸ்தான்!

வானொலியில் நான் ‘லைகா’ என்று சொன்னால், ‘பொன்னியின் செல்வன்’ படத்தைத் தயாரித்த நிறுவனம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இங்கே நான் பேசப்போவது ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் இயங்கும் லைகா கேமரா நிறுவனத்தைப் பற்றி.

கைப்பேசியே கேமராவாகிவிட்ட காலம் இது. இப்போதும் பல ஆயிரம் வெள்ளிக்குக் கேமரா விற்கிறது என்றால், அதற்கு ஒரு முக்கியக் காரணம் லென்ஸ்.

2023 மே மாதம் லைகா ‘க்யூ3’ வந்தது. கழற்ற முடியாத 28 மில்லிமீட்டர் லென்ஸ், அப்போதைய விலை ஏறத்தாழ 6,000 அமெரிக்க டாலர். 2024 செப்டம்பரில் ‘க்யூ3 43’ வந்தது. அதே 60 மெகாபிக்சல் சென்சார், ஏறக்குறைய அதே உடல். பெரிய மாற்றம், 43 மில்லிமீட்டர் லென்ஸ். அறிமுக விலையோ ஏறத்தாழ 6,900 டாலர்! முதல் லென்ஸில் கல்யாண மண்டபம் முழுவதும் அடங்கும். இரண்டாவது, நம் கண் இயல்பாகப் பார்க்கும் அளவுக்கு நெருங்கி வரும். ‘28 எனக்கு ரொம்ப அகலம்’ என்று தயங்கியவர்களுக்கும் இப்போது ஒரு கேமரா கிடைத்துவிட்டது.

லைகாவின் ‘எம்’ வரிசையில் உத்தி வேறு. 1954இல் வந்த எம்3 முதல் இன்றுவரை லென்ஸைப் பொருத்தும் வளையம் மாறவில்லை. 1966இல் வந்த நாக்டிலக்ஸ் லென்ஸை 2021இல் மீண்டும் வெளியிட்டார்கள். தாத்தா வைத்திருந்த எம்3யிலும் அதை மாட்டலாம். அதாவது, ஒரு புது லென்ஸ் வரும்போது ஏறத்தாழ 70 ஆண்டுகளாக விற்ற கேமராக்களின் சொந்தக்காரர்கள் எல்லாருமே வாடிக்கையாளர்கள்தான்.

அப்படியானால் லென்ஸ் மட்டும் போதுமா? போதாது. 2005 வாக்கில் லைகா பெரும் நிதி நெருக்கடியில் சிக்கியது. லென்ஸ்களின் தரம் குறையவில்லை. உலகம் டிஜிட்டலுக்கு மாறியபோது, அவற்றை மாட்ட ஒரு டிஜிட்டல் ‘எம்’ கேமரா இல்லை. 2006இல் எம்8 வந்தது. 2009இல் முழு அளவு சென்சாருடன் எம்9 வந்த பிறகுதான், அலமாரியில் கிடந்த பழைய லென்ஸ்கள் தங்கள் முழுப் பார்வையையும் திரும்பப் பெற்றன. லென்ஸும் கேமராவும் மாட்டுவண்டியின் இரு காளைகள் போல. ஒன்று நின்றால் வண்டி நகராது.

2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் மொத்த வருவாய் 554 மில்லியன் யூரோ. அதுவரை அது எட்டியதிலேயே ஆக அதிகம்.

இதில் நமக்கு என்ன? கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கும் இளையர்கள் நம்மிடையே நிறைய. டிஜிட்டல் கேமராவின் மதிப்பு, கைப்பேசியைப் போல ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். நல்ல லென்ஸ் நகை மாதிரி. செய்கூலி போனாலும் கையில் ஏதோ நிற்கும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் பழைய கேமராக் கடைகளில் ஒரு சுற்று வந்தாலே இது புரியும்.

அதற்காக, புது லென்ஸ் அறிவிப்பு வந்ததும் கடன் அட்டையை எடுக்க வேண்டாம். ‘கையில் இருக்கும் லென்ஸால் எடுக்க முடியாமல் போன படம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால், ஒரு வாரயிறுதிக்கு அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டு முடிவு செய்யுங்கள். யோசிக்க வேண்டியிருந்தால், அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.