பெரும்பதிப்பு மாறுகையில் தரவுத்தளம்

நில ஆவணம், மாணவர் சேர்க்கை, மழையளவு முதலிய பதிவுகளை இன்று பெரும்பாலும் கணிப்பொறித் தரவுத்தளங்களே தாங்கி நிற்கின்றன. தரவுத்தள மென்பொருளை ஒரு பெரும்பதிப்பினின்று அடுத்ததற்கு உயர்த்தும் வேளையில் சர்வர் நடுவே நின்றுவிட்டால் பதிவுகளின் கதி யாது? கட்டணமின்றிக் கிடைப்பதும் பல நாடுகளில் வழங்குவதுமான போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளைக் கொண்டு இதனை நோக்குவோம்.

சாதாரண நாளில் மின்சாரம் அற்றுச் சர்வர் நின்றாலும் பெருங்கேடு நேர்வதில்லை. ஒவ்வொரு மாற்றமும் தரவுக் கோப்பில் ஏறுமுன் ஒரு முன்பதிவேட்டில் குறிக்கப்பெறுகின்றது. சர்வர் மீண்டும் இயங்குங்கால் அவ்வேட்டைப் படித்து, விடுபட்டவற்றைத் தானே நிறைவு செய்துகொள்ளும். பெரும்பதிப்பு மாறுகையில் இத்துணை கிட்டாது. பழைய பதிப்பின் முன்பதிவேட்டைப் புதியது படிக்க அறியாது. ஆகவேதான் பழைய சர்வரை முறைப்படி நிறுத்திய பின்னரே பணியைத் தொடங்குதல் வேண்டும்.

இப்பணிக்கெனப் பிஜி-அப்கிரேட் என்றொரு கருவி உண்டு. அட்டவணைகளின் அமைப்பைக் கூறும் உட்பட்டியலை அது புதிதாக எழுதுகின்றது; தரவுக் கோப்புகளைப் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றால் கொண்டு சேர்க்கின்றது. நகலெடுக்கும் வழியில் ஏறக்குறைய இருமடங்கு இடம் வேண்டும், நேரமும் மிகும்; எனினும் பழையது பழுதின்றி இருக்கும். இணைக்கும் வழியில் கோப்பு ஒன்றே, பெயர்கள் மட்டும் இரண்டு. ஒரே வீட்டிற்கு இரு வாயில் அமைத்தாற்போல. விரைவில் முடிவதால் அவசரக்காரர் இதனையே நாடுவர்.

இணைக்கத் தொடங்குமுன் கருவி நின்றால் பழைய தரவுத்தளம் மாறாதிருக்கும். இணைத்தபின் நின்றாலும், புதிய சர்வர் இயங்காதவரை அச்சமில்லை. கட்டுப்பாட்டுக் கோப்பின் பெயரிறுதியில் கருவி சேர்த்த 'ஓல்டு' என்னும் ஒட்டை நீக்கினால் பழைய சர்வர் இயங்கும். புதிய சர்வர் ஒருமுறை இயங்கிவிட்டதாயின், இரண்டாம் வாயில் வழியே அது வீட்டினுள் எழுதத் தொடங்கிவிட்டது என்றறிக. அதன்பின் பழையதைத் திறத்தல் ஆபத்து. வேறிடத்தில் வைத்த காப்புப் பிரதியே புகல். பிரதி எடுத்ததாகக் குறிப்பேட்டில் கையொப்பம் இருப்பது மட்டும் போதாது. அதனின்று ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்திருத்தல் வேண்டும்.

உயர்த்திய அன்று தோன்றாத பழுதும் உண்டு. 2013 செப்டம்பரில் 9.3 பதிப்பு வெளிவந்தது. ஒரே வரிசையைப் பலர் ஒருசேரப் பூட்டி வைக்குங்கால் அவர்களைச் சேர்த்துக் குறிப்பதற்குக் கூட்டெண் ஒன்று வழங்கப்படும். அக்கூட்டெண்களுள் மிகப் பழையது எது என்பதை, 9.3.0 முதல் 9.3.4 வரையிலான பிஜி-அப்கிரேட் சிலவிடங்களில் தவறாகக் குறித்து வைத்தது. கருவி பின்னர்த் திருத்தப்பட்டும், முன்னமே உயர்த்தப்பட்ட தரவுத்தளங்களில் அத்தவறு உறைந்து கிடந்தது. 2015-இல் கூட்டெண்களைக் காக்கவெனச் சேர்த்த புதிய ஏற்பாடு, விழுந்த சர்வர் மீண்டெழும் வேளையிலேயே இத்தவற்றில் இடறியது. சர்வர் எழ மறுக்கவும் கூடியதாயிற்று. அவ்வாண்டு ஜூனில் வெளிவந்த 9.3.9, 9.4.4 ஆகிய திருத்தப் பதிப்புகள் இதனைச் சீர்செய்தன.