சிக்கிய மைக்கைத் தேடி: ரேடியோவில் திசை காண்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் ஹாம் ரிப்பீட்டர் முடங்கிவிட்டது. யாருடைய செட்டிலோ பிடிடி பட்டன் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டிருந்தது. கேட்டதெல்லாம் ஃபேன் சத்தமும் எப்போதாவது ஒரு குக்கர் விசிலும்தான். அவருக்குச் சொல்லவும் வழியில்லை, ஏன்னா அனுப்பிக்கொண்டே இருக்கும் செட் எதையும் கேட்காது. வெள்ளம் வந்தால் நாங்கள் நம்பியிருந்த சேனல் அது. தேடிக் கிளம்பினோம்.

முதல் விஷயம்: ரிப்பீட்டரின் வெளியீட்டைக் கேட்டுத் திசை பார்த்தால் ரிப்பீட்டர் கோபுரத்துக்குத்தான் போய்ச் சேருவோம். கேட்க வேண்டியது உள்ளீட்டை. இரண்டு மீட்டர் பேண்டில் அது வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும்.

கையில் இருந்தது பிவிசி பைப்பில் இஞ்ச் டேப்பை வெட்டிப் பொருத்திச் செய்த மூன்று எலிமென்ட் யாகி. 145 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் ஒரு மீட்டர், அதனால் டேப் போதும். புதரில் மாட்டினாலும் வளைந்து நிமிர்ந்துவிடும். ஆனால் யாகியின் முன்பக்கம் ரொம்ப அகலம். 'இங்கேதான் அதிகம்'னு துல்லியமாகச் சொல்ல முடியாது. இடமும் வலமும் திருப்பி, சிக்னல் ஒரே அளவு குறையும் இரண்டு திசைகளைக் குறித்து, நடுவை எடுக்க வேண்டும்.

லூப் ஆன்டெனாவில் இதற்கு நேர்மாறு. உச்சத்தைத் தேடாமல் பள்ளத்தைத் தேடுகிறோம். கணக்கு எளிது: உச்சத்திலிருந்து 10 டிகிரி விலகினால் சிக்னல் 0.13 டெசிபல்தான் குறையும், காதுக்குத் தெரியவே தெரியாது. பள்ளத்திலிருந்து அதே 10 டிகிரி விலகினால், உச்சத்துக்கு 15 டெசிபல் கீழே வரை சிக்னல் ஏறிவிடும். குறை என்னன்னா, பள்ளம் எதிரெதிராக இரண்டு இருக்கும். முன்னா பின்னான்னு தெரியாது.

அன்று நான் செய்த தப்பு, ஒரே ஒரு திசைக்கோட்டை நம்பியது. அது ஓர் அடுக்குமாடியில் பட்டுத் திரும்பிய சிக்னல். அரை நாள் வீண். 5 டிகிரி பிழையே இரண்டு கிலோமீட்டரில் 175 மீட்டர் விலக்கும். பிரதிபலிப்பு முற்றிலும் வேறு தெருவுக்கே அனுப்பிவிடும். திறந்த, உயரமான இடங்களில் நின்று குறைந்தது மூன்று கோடுகள் போடுங்கள். அவை ஒன்றையொன்று 90 டிகிரிக்குப் பக்கமாக வெட்டினால் நல்லது.

நெருங்கியதும் வேறு சிக்கல்: எந்தப் பக்கம் திருப்பினாலும் மீட்டர் முழுசாக நிற்கும். அப்போது 5 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்யுங்கள். இல்லையென்றால் ஹேண்ட்செட்டை நெஞ்சோடு அணைத்து மெதுவாகச் சுற்றுங்கள். சத்தம் மிகக் குறையும்போது டிரான்ஸ்மிட்டர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்படித்தான் நண்பர் ஒருவர் வீட்டைக் கண்டுபிடித்தார். மைக் மேல் ஒரு கட்டு பழைய பேப்பர். பாவம், அந்தப் பெரியவர் பதறிப்போய் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். நான் போய்ச் சேரும்போது காபி தீர்ந்திருந்தது.