மூத்த தோழர்களுக்கு வேலை இருக்கிறது

நீலகிரித் தோட்டங்களிலே முதியவர் என்றால் வேலைக்கு ஆகாதவர் என்று கணக்கெழுதி விடுகிறார்கள். நாம் அப்படி எழுதத் தயாரில்லை.

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியோருக்கென 1968-ல் அரசு தேயிலை பயிரிட்டது. 1976-ல் அது டான்டீ கழகமானது. அங்கே கொழுந்து பறித்த தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. மனுவும் பேச்சுவார்த்தையும் பழகிய தலைமுறை!

பணிக்கொடை பிச்சையா? ஓராண்டு உழைப்புக்கு 15 நாள் கூலி. 5 ஆண்டு உழைத்தவருக்கு உரிமை. வேலையிலிருக்கும்போதே இறந்தவர் குடும்பத்துக்கு அந்த 5 ஆண்டுக் கணக்கும் கிடையாது. லயத்துக் கைம்பெண்ணுக்கு இதை யார் சொல்வது?

மூத்த தோழர்களே, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்க அலுவலகத்தில் உட்காருங்கள். மனு எழுதிக் கொடுங்கள். எழுத வராதவர் கூடவே போய்க் கொடுத்து வாருங்கள். பஸ் செலவையும் டீச் செலவையும் கிளை ஏற்கட்டும்.