ஃப்ரிட்ஜ் கதவும் கார் கதவும்

வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறது. மூடினால் அணைகிறது. ‘மூடின பிறகு நிஜமா அணைஞ்சிடுதா?’ என்று கேட்கும் பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. கதவின் விளிம்பு வந்து மோதும் இடத்தில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அதை விரலால் அழுத்திக் காட்டுங்கள், விளக்கு அணைந்துவிடும். பிள்ளைக்குப் புரிந்துவிடும். கார் கதவையும், டேஷ்போர்டில் எரியும் சிவப்பு மஞ்சள் விளக்குகளையும் புரிந்துகொள்ள இந்தப் பொத்தானிலிருந்தே தொடங்கலாம்.

ஃப்ரிட்ஜ் விளக்குக்கு உள்ளே பால் இருக்கிறதா, கத்தரிக்காய் அழுகிவிட்டதா என்பதெல்லாம் தெரியாது. பொத்தான் அமுங்கியிருக்கிறதா இல்லையா, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரின் விளக்குகளும் அப்படியே. எந்த விளக்கும் “இந்தப் பாகம் கெட்டுவிட்டது” என்று சொல்வதில்லை. எங்கேயோ இருக்கும் ஒரு சுவிட்ச் எதை உணர்கிறதோ அதை மட்டும் சொல்கிறது. எந்த விளக்கின் பின்னால் எந்த சுவிட்ச், அது எதை உணர்கிறது என்று தெரிந்துகொண்டால் பயமும் குறையும், வீண் செலவும் குறையும்.

எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம், சுற்றிலும் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும். உப்புக்காற்றும் சாம்பல் தூசியும் சேர்ந்து முதலில் கெடுப்பது இந்தச் சின்னச் சின்ன சுவிட்சுகளைத்தான். இங்கே வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பலவும் இரண்டாம் கையாக வாங்கிய சிறிய கார்கள். அவற்றில் எஞ்சினைவிட இந்த சுவிட்சுகள்தான் அதிகம் படுத்தும்.

முதலில் கதவு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணைப் பாருங்கள். பழைய கார்களில் ரப்பர் தொப்பி போட்ட பொத்தான் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். அது அச்சு அசல் ஃப்ரிட்ஜ் பொத்தான். கதவு மூடினால் அமுங்கும், திறந்தால் வெளியே வரும். உடனே கூரை விளக்கும் டேஷ்போர்டில் ‘கதவு திறந்திருக்கிறது’ என்னும் படமும் எரியும். புதிய கார்களில் இந்தப் பொத்தான் பூட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும், வேலை அதேதான். ரப்பர் தொப்பி கிழிந்தால் உப்பு ஈரம் உள்ளே போகும். பிறகு கதவை எவ்வளவு அறைந்து சாத்தினாலும் விளக்கு அணையாது. கதவில் ஒரு குறையும் இருக்காது. பொத்தான்தான் பொய் சொல்கிறது.

இதை அலட்சியப்படுத்தக் கூடாது. 10 வாட் கூரை பல்பு அணையாமல் இருந்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து முக்கால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான். அதனால் புது பேட்டரியே இரண்டு நாளில் படுத்துவிடும். பழையது ஒரே இரவில்கூட. காலையில் செல்ஃப் எடுக்காது. கூரை விளக்கு அணையவில்லை என்றால், சுவிட்ச் மாற்றும்வரை அந்த விளக்கையே ‘ஆஃப்’ நிலையில் தள்ளி வையுங்கள்.

அடுத்து சென்ட்ரல் லாக். ரிமோட்டை அழுத்தினால் நான்கு கதவும் ஒரே நேரத்தில் ‘டக்’ என்று பூட்டுகின்றன. ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சிறிய மோட்டார் இருக்கிறது; நாம் கையால் இழுக்கிற தாழ்ப்பாள் கம்பியை அது இழுக்கிறது, தள்ளுகிறது. அதனால் மோட்டார் செத்தாலும் கம்பி சாகாது: உள்ளேயிருந்து கையால் திறக்கலாம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் எல்லாக் கார்களிலும் இந்தக் கைவழி கட்டாயம். மின்சாரம் போனாலும் உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே வர முடிய வேண்டும். வெளியேயிருந்து திறக்க டிரைவர் கதவில் சாவித்துளை இருக்கும். ரிமோட் வந்தபிறகு அந்தத் துளையில் யாரும் சாவி போடுவதில்லை. கடலோரத்தில் அது உள்ளுக்குள்ளே துருப்பிடித்து, பேட்டரி இறங்கிய அன்று சாவி திரும்பாமல் நிற்கும். மாதம் ஒருமுறையாவது சாவியைப் போட்டுத் திறந்து பூட்டுங்கள்.

பின்கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை, வெளியேயிருந்து திறக்கிறது என்றால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. சைல்டு லாக் விழுந்திருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வெளித்தாழ்ப்பாள் போட்டது மாதிரி. பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பார்த்தால் ஒரு சின்னத் திருகோ தள்ளு பொத்தானோ இருக்கும், மாற்றி வையுங்கள். அதேபோல் பின் ஜன்னல்கள் மட்டும் இறங்கவில்லை என்றால், டிரைவர் கதவிலுள்ள ஜன்னல் பூட்டு பொத்தானை முதலில் பாருங்கள். பாதி நேரம் யாருடைய கையோ பட்டு அது அமுங்கியிருக்கும்.

இனி கண்ணாடி. கதவுக்குள் ஒரு மோட்டார், சில கப்பிகள், ஒரு கம்பிக் கயிறு. கிணற்று ராட்டினத்தில் வாளி ஏறி இறங்குவதுபோல் கண்ணாடி ஏறி இறங்குகிறது. ஜன்னல் சுவிட்ச் செய்வது மின்சாரத்தின் திசையை மாற்றுவது மட்டும்தான். ஒரு திசையில் மோட்டார் முன்னே சுற்றும், மறுதிசையில் பின்னே சுற்றும். கண்ணாடி இரண்டு பக்கமும் ரப்பர் பள்ளத்தில் வழுக்கிப் போகவேண்டும். அந்தப் பள்ளத்தில் மணலும் சாம்பலும் சேர்ந்தால் கண்ணாடி முக்கி முக்கி ஏறும். மோட்டார் சூடாகி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடும். பத்து நிமிடம் ஆறினால் மறுபடி ஓடும். இதைப் பார்த்து “மோட்டார் போச்சு” என்று மாற்றுகிறவர்கள் உண்டு. முதலில் ஈரத்துணியால் பள்ளத்தைத் துடையுங்கள். பிறகு சிலிகான் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். எஞ்சின் ஆயிலும் கிரீஸும் வேண்டாம். அவை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கதவைப் பற்றி இன்னொன்று. மழைத்தண்ணீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அது வெளியேற கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் உண்டு. மண்ணும் சாம்பலும் அவற்றை அடைத்தால், கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். மேலே சொன்ன மோட்டாரும் பூட்டும் அந்த ஈரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும். பல ஆயிரம் ரூபாய் துருவை நிறுத்தும் வேலை இது. மழைக்காலத்துக்கு முன் மறக்காமல் செய்யுங்கள்.

மழை என்றால் இந்தப் பக்கத்தில் 2023 டிசம்பரை யாரும் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கசிந்து எண்ணூர் கழிமுகமெங்கும் பரவியது; நெட்டுக்குப்பம் மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்தன. அந்த வெள்ளத்தில் சென்னை முழுக்கக் கார்கள் மூழ்கின. அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு மீட்டர் அகலக் கதவின்மேல் வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்று, உள்ளே இன்னும் ஏறாமல் இருந்தால், கதவின்மேல் சுமார் 125 கிலோ எடை சாய்ந்த மாதிரி அழுத்தும். தள்ளித் திறப்பது கடினம். எனவே வண்டி மிதக்கிறது என்று தெரிந்த நொடியே முதலில் ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கள். மின்சாரம் இருக்கும்போதே இறக்கவேண்டும். பிறகு ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். மூழ்கி எழுந்த வண்டியில் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் ஸ்டார்ட் செய்யும் முயற்சியே அதை உடைத்துவிடும். லாரியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் வழி.

இனி டேஷ்போர்டு. கார் என்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டிலிருந்து எண்ணூர் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பொருத்தி வெளியே அனுப்பியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. அந்தக் காலத்துக் கார்களில் முள் நகரும் மானிகள்தான் முக்கியம். ஓட்டுகிறவர் முள்ளைப் படித்து முடிவெடுக்க வேண்டும். இன்று முள்ளின் இடத்தில் விளக்குகள் வந்துவிட்டன. அவற்றை நிறத்தால் பிரித்துக்கொள்ளலாம். சிவப்பு என்றால் வண்டியை நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் காட்டு. பச்சையும் நீலமும் வெறும் தகவல். காலையில் சில கார்களில் எரியும் நீல வெப்பமானிப் படம் “எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது” என்றுதான் சொல்கிறது. சற்று நேரத்தில் தானே அணையும்.

சிவப்பில் முதலாவது ஆயில் கேன் படம். ஆயில் குறைந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அதன் சுவிட்ச் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. வீட்டில் கீழ்த்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கலாம். மோட்டார் ஓடாவிட்டால் மாடிக் குழாயில் சொட்டுகூட வராது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் இருந்தாலும், பம்ப் அதை மேலே ஏற்றாவிட்டால் மேலே உரசும் இரும்புக்கு ஒன்றும் கிடைக்காது. அதனால் ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் வீடு வரை போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி, எஞ்சினை உடனே அணையுங்கள். பிறகு டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சுவிட்சே கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அதை அவர் அழுத்தமானி வைத்துப் பார்த்துச் சொல்லட்டும்.

பேட்டரிப் படத்துக்கும் இதே குழப்பம். அது பேட்டரியைப் பற்றிய விளக்கே அல்ல, சார்ஜ் ஏறுவதைப் பற்றியது. கரண்ட் போனபின் இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுகிறதே, அந்த நிலைதான். வண்டி ஓடுகிறது, ஆனால் சேமிப்பில் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் இருக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நின்றால் 12-க்கு இறங்கும். சிவப்பு விளக்குகளில் இது மட்டும் விதிவிலக்கு: ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகிலுள்ள பட்டறைக்குப் போங்கள். ஆனால் அதே நேரத்தில் எஞ்சின் சூடும் ஏறினாலோ ஸ்டியரிங் கனத்தாலோ ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போது நின்றுவிடுங்கள்.

வெப்பமானிப் படம் சிவப்பில் எரிந்தால் பிரஷர் குக்கரை நினையுங்கள். மூடி அழுத்தம் கொடுப்பதால் குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. விசில் அடங்காமல் குக்கரைத் திறக்காதவர்கள்கூட, புகை வரும் ரேடியேட்டர் மூடியைத் துணி வைத்துத் திருகுகிறார்கள். அழுத்தம் விலகிய நொடியே கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். எஞ்சினை அணைத்து, முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது மட்டும் சூடு ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். வேகத்தில் காற்று தானே அடிக்கும். நெரிசலில் ஃபேன்தான் அடிக்க வேண்டும். பெரும்பாலும் ஃபேனின் பியூஸோ அதன் கம்பி முனையோதான் உப்பரித்துப் போயிருக்கும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால் பிரேக். ஹேண்ட் பிரேக்கை இறக்கியும் அணையவில்லையா? பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு மிதவை இருக்கிறது. மட்டம் இறங்கியதும் அது சொல்கிறது. வளைவிலும் பிரேக் அடிக்கும்போதும் மட்டும் மினுக்கினால் மட்டம் விளிம்பில் நிற்கிறது. பிரேக் பேட் தேயத் தேய மட்டம் இறங்கும். ஆகவே ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாமல், பேட் தேய்ந்ததா, எங்காவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ் மஞ்சள் விளக்கு மட்டும் தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், சக்கரம் வழுக்காமல் காக்கும் உதவி மட்டும் இருக்காது. இரண்டும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள்.

எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒற்றை சுவிட்சின் விளக்கு அல்ல. பல சென்சார்கள் சேர்ந்து புகார் எழுதும் பெட்டி. எந்தப் புகார் என்பதை ஸ்கேனர் மாட்டித்தான் படிக்க முடியும். நின்று எரிந்தால் இரண்டொரு நாளில் காட்டலாம். விட்டுவிட்டு மினுக்கினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே புகையைச் சுத்தம் செய்யும் விலை உயர்ந்த பாகத்தை அது சுட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, நேரே பட்டறைக்குப் போங்கள்.

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு. சாவியை ஒரு கட்டம் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிய வேண்டும். சில நொடிகளில் ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் அணையும். ஆயிலும் பேட்டரியும் எஞ்சின் ஓடத் தொடங்கியபின் அணையும். எல்லோரும் அணைகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எரிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரியவே இல்லை என்றால், பல்பைப் பிடுங்கியோ கம்பியை வெட்டியோ யாரோ அதன் வாயை மூடியிருக்கலாம். ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவர் வந்து பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.