வைரஸ் இல்லாத இடத்தில் அபாய மணி

தேக்கா சந்தையில் இறைச்சி வெட்டுபவரின் கையில் கத்தியைப் பார்த்து யாரும் காவல்துறையை அழைப்பதில்லை. கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருளோ சில வேளைகளில் அப்படித்தான் பதறுகிறது.

பைத்தானில் நீங்கள் எழுதிய விளையாட்டை, ‘பைஇன்ஸ்டாலர்’ என்ற கருவியால் ஒரே கோப்பாக்கி நண்பருக்கு அனுப்புகிறீர்கள். அவர் திரையில் ‘வைரஸ்’ என்ற எச்சரிக்கை!

காரணம் என்ன? அக்கருவி, தான் உருவாக்கும் கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான தொடக்க நிரலைச் சேர்க்கிறது. வைரஸ் எழுதுவோரும் இதே கருவியைப் பயன்படுத்துவதுண்டு. அந்தப் பொதுப் பகுதியையே வைரசின் அடையாளமாகத் தடுப்பு மென்பொருள் கொண்டால், உங்கள் விளையாட்டும் மாட்டிக்கொள்ளும்.

தவறு இன்னும் பெரிதாகவும் நேரலாம். 2010 ஏப்ரல் 21ஆம் தேதி, மெக்காஃபி மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று முடக்கியது. உலகின் பல இடங்களில் கணினிகள் திரும்பத் திரும்ப நின்று தொடங்கின.

பொய்யாக மணி அடித்துக்கொண்டே இருந்தால் ‘புலி வருது’ கதையாகிவிடும். உண்மையான வைரஸ் வரும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். அதற்காக மென்பொருளை அணைத்துவிடாதீர்கள். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 மதிப்பை இருவரும் கணக்கிட்டு, தொலைபேசியில் ஒப்பிடுங்கள். பொருந்தினால், வழியில் கோப்பு மாறவில்லை. பிறகு அதைத் தடுப்பு மென்பொருள் நிறுவனத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். தவறு என்றால் திருத்திக்கொள்வார்கள்.