சைலன்சருக்குள்ளே ஒரு மழைக்காலம்!

திருவெள்ளறையில் ஒரே மாடல், ஒரே வயது பைக்குகள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று தினமும் மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட் வழியாக ஸ்ரீரங்கத்துக்கு வேலைக்குப் போய் வருகிறது. இன்னொன்று ரிட்டயர்டான பெரியவருடையது. காலையில் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில், வரும் வழியில் பால், மளிகை. நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். எந்த பைக்கின் சைலன்சர் முதலில் ஓட்டையாகும்?

பெரியவருடையதுதான்!

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் இது. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வெள்ளையாகப் புகை வந்து, குழாய் முனையில் சொட்டுவது இதுதான். இன்ஜினுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம்.

ஸ்ரீரங்கம் வரை ஓடும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி, உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகி வெளியேறிவிடும். இரண்டு கிலோமீட்டர் வண்டியில் அதற்குள் கடை வந்துவிடுகிறது. நீராவி, ஆறிய தகட்டில் பட்டு நீராகி அடியில் தேங்குகிறது. புகையில் வரும் வாயுக்கள் அதில் கரைந்து லேசான அமிலமாகவும் மாறும். பளபள குரோமியம் பூச்சு வெளியே மட்டும்தான். உள்ளே தகடு அரித்துக்கொண்டே வரும். ஒருநாள் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கும்.

அந்தக் காலத்து ஆர்எக்ஸ் 100-க்கு இந்தக் கவலை குறைவு. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்ததால், உள்ளே படிந்த எண்ணெய்க் கரியே துருவுக்குத் தடுப்பாக இருந்தது. கரி அடைத்துக்கொள்வதுதான் அதன் வியாதி.

மகன் வெளிநாட்டில் இருக்க, போர்டிகோவில் நிற்கும் பைக்கை அப்பா தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பார். 'வண்டி கெடாம இருக்கட்டும்' என்ற பாசம்தான். ஆனால், சைலன்சருக்குத் தினமும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பதும் அதுவும் ஒன்றுதான். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ரோட்டில் ஓட்டிவிட்டு வரலாம். ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் செய்த அன்றும் இது அவசியம். அடுத்ததாக ஐப்பசி மழை வேறு காத்திருக்கிறதே!

சில சைலன்சர்களின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். தேங்கும் நீர் வடிய கம்பெனியே வைத்தது அது. 'ஓட்டை விழுந்துடுச்சு' என்று வெல்டிங் கடையில் அடைத்துவிடாதீர்கள்.

நிஜமாகவே துருப்பிடித்து விழுந்த ஓட்டை வேறு கதை. சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடை முடியாது. கதவடைத்த ஷெட்டில் எந்த வண்டியையுமே ஓடவிடக் கூடாது, ஓட்டை சைலன்சர் என்றால் கேட்கவே வேண்டாம். ஓட்டையின் மேல் துண்டுத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம்தான். ஆனால், சுற்றியுள்ள தகடும் மெலிந்திருந்தால் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் பல மாடல்களில் இந்தக் குழாயோடு சேர்ந்தே வருகிறது. மாற்றினால் செலவு பழைய வண்டியைப்போல இருக்காது. அதனால், அடுத்த சர்வீஸின்போது, சைலன்சர் ஆறிய பிறகு மெக்கானிக்கை அடிப்பக்கம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துருச் செதில்கள் கலகலத்தால், தகடு உதிர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.